ஒரு நிமிடச் சாகசத்துக்கு மூன்று மாத வேலை: திருகோணமலையிலிருந்து டிவிக்குப் போக நினைப்பவர்களுக்கு

"அண்ணா, சைக்கிளுக்கு நெருப்பு வச்சுக்கொண்டு ஜெட்டியில இருந்து கடலுக்குள்ள பாயப்போறன். நீங்க வீடியோ எடுத்தாப் போதும். டிவிக்கு அனுப்பலாம்."

கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் பிடித்துப் பிழைக்கிற என் கடை வாசலில் ஒரு பெடியன் இப்படிச் சொல்லிக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எத்தனை?" அவனுக்கு விளங்கவில்லை. எத்தனை அடி பாய்வாய், எத்தனை செக்கன் எரியும், நெருப்பு இல்லாமல் எத்தனை தரம் பாய்ந்து பார்த்தாய் என்று விரித்துக் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பையில் ஒரு பெற்றோல் போத்தல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவன் கதைத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் நான் வேறொன்றைக் கவனித்தேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. காலை நிலத்தில் ஊன்றவும் இல்லை. முன் சில்லைச் சற்றே திருப்பி, இரண்டு மிதிகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, நின்ற இடத்திலேயே நின்றான். கடை வாசலின் சின்னச் சரிவு சைக்கிளைப் பின்னால் இழுக்க, அவன் மிதியை ஒரு விரலளவு அழுத்தி முன்னே கொண்டுவந்தான். மறுபடி சரிவு, மறுபடி அழுத்தம். கை இரண்டையும் ஆட்டி ஆட்டிக் கதை வேறு.

"தம்பி, இதை எவ்வளவு நேரம் செய்வாய்?"

"எதை?" என்றான்.

அந்த 'எதை'யில்தான் எங்கள் வேலை தொடங்கியது. பெற்றோல் போத்தலை வாங்கி என் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக்கொண்டேன். பிறகு அவனைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

எந்த நிகழ்ச்சிக்கு நீங்கள் போக முடியும்?

டிவியில் சாகசம் என்று வருவதெல்லாம் ஒரே சாதி இல்லை. 2008 இல் இந்தியாவின் கலர்ஸ் சானலில் தொடங்கிய 'கத்ரோன் கே கிலாடி' போன்றவற்றில் நடிகர்களையும் பிரபலங்களையும் கூட்டிப்போய், அவர்களுக்குச் சாகசத்தை நிகழ்ச்சிக்காரரே கொடுப்பார்கள். கயிறு, வலை, மருத்துவர் எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. அதில் உங்களுக்கும் எனக்கும் வேலை இல்லை.

இரண்டாவது, திறமைப் போட்டிகள். 2018 இல் சிரச டிவி நடத்திய 'ஸ்ரீ லங்காஸ் கொட் டேலண்ட்' இந்த வகை. பாடுகிறவர், ஆடுகிறவர், நெருப்பு விழுங்குகிறவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது, சாதனை நிகழ்ச்சிகள். நடுவர் ஒருவர் கடிகாரமும் கையுமாக நின்று எண்ணுவார். பிபிசியில் 1972 முதல் 2001 வரை ஓடிய 'ரெக்கோட் பிரேக்கர்ஸ்' இதற்குப் பெயர் போனது. பின்னால் சொன்ன இரண்டு வகைக்கும் சாதாரண ஆள் தன் வித்தையைத் தானே கொண்டு போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் ஏபிசியில் 1980 முதல் 1984 வரை வந்த 'தட்ஸ் இன்கிரடிபிள்'. அதன் கதையைப் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1980 செப்டம்பரில் அந்த நிகழ்ச்சிக்காக கரி வெல்ஸ் என்பவர் லாஸ் வேகஸ் சீசர்ஸ் பெலஸ் ஹோட்டலின் நீரூற்றுகளை மோட்டார் சைக்கிளில் தாண்டப் போய், சுவரில் மோதிப் படுகாயமடைந்தார். 1967 டிசம்பர் 31 இல் மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவல் நீவல் விழுந்து எலும்பு நொறுங்கிய அதே இடம். வேகமாக வந்த கார்களைத் தாண்டிக் குதிக்கப் போன இன்னொருவரின் பாதம் சிதைந்தது. நெருப்புக்குள் ஓடிய ஒருவருக்குக் கைவிரல்கள் கருகின. இத்தனைக்கும் அவர்கள் தொழில்முறைச் சாகசக்காரர்கள். 

அதே நிகழ்ச்சியில் 1981 இல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று வந்து கோல்ஃப் பந்தை அடித்துக் காட்டியது. பெயர் டைகர் வூட்ஸ். நெருப்புக்குள் ஓடியவரின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம்?

உங்கள் வித்தையைக் கண்டுபிடிப்பது

வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வித்தையைத் தவறாகத் தெரிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். பயங்கரமாக இருந்தால் டிவி எடுக்கும் என்று நினைப்பு. எடுக்காது. காப்புறுதி தொடங்கி சட்ட ஆலோசகர் வரை பத்துப் பேர் 'வேண்டாம்' என்று சொல்லக் காரணம் இருக்கிற ஒன்றை, முகம் தெரியாத ஆளிடமிருந்து எந்த நிகழ்ச்சியும் வாங்காது.

கின்னஸ்காரர் ஒரு சாதனையை ஏற்க வைத்திருக்கும் அளவுகோலை டிவிக்குப் போகிறவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளக்க முடிய வேண்டும். இன்னொருவர் வந்து முறியடிக்க முடிய வேண்டும். உலகத்தில் யாரும் அதே நிபந்தனையில் செய்து பார்க்க முடிய வேண்டும். சாட்சியோடு நிரூபிக்க முடிய வேண்டும். முக்கியமாக, அளப்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 'கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில், வேகமாகவும் நீண்ட நேரமும்' என்றால் எதை அளப்பது?

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971 இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் போய்த் திரும்பி நீந்தியவர். அவருடைய பெயர் கின்னஸ் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வந்தது கடலால் மட்டும் இல்லை. ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். நிற்கத்தானே செய்தார் என்று கேட்கலாம். நின்று பாருங்கள். அதே மனிதர் 1984 ஓகஸ்ட் 6 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்துபோனார். அவ்வளவு பயிற்சி உள்ளவரையும் கடல் விட்டுவைக்கவில்லை. கடலைத் தொடுகிற வித்தையோடு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அப்போ வித்தையை எங்கே தேடுவது? சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் தேடுங்கள். மெதுவான சைக்கிள் ஓட்டம், வழுக்கு மரம், கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல். இவற்றுக்கெல்லாம் விதியும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, பார்க்கச் சனமும் உண்டு. உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு ஐயா, அலவாங்கை நிலத்தில் நட்டுவிட்டுத் தேங்காய் உரிக்க உட்கார்ந்தால், நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு குவியல் எழும்பியிருக்கும். அவரைக் கேட்டால் "இது வேலை தம்பி, வித்தை இல்லை" என்பார். டிவிக்காரருக்கு வேண்டியது அந்தக் குவியல்தான்.

செய்யக்கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மூச்சடக்குதல். துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த பெடியன்களுக்கு இதில்தான் ஆசை அதிகம். 2008 ஏப்ரல் 30 அன்று ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் பிளேன் நீருக்குள் 17 நிமிடம் 4 செக்கன் மூச்சடக்கினார். அதற்கு முன்னர் 23 நிமிடம் தூய ஒட்சிசனைச் சுவாசித்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குகிறார்கள். மூச்சு வேணும் என்ற தவிப்பைக் கொடுப்பது உடம்பில் சேரும் காபனீரொட்சைட்டு. வேகமாக மூச்சு விட்டால் அது குறைந்துவிடும். தவிப்பு வராது. ஆனால் ஒட்சிசன் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஒரு அறிகுறியும் இல்லாமல் நீருக்குள்ளேயே மயக்கம் வரும். கரையில் நிற்கிற கூட்டாளி 'சாதனை செய்கிறான்' என்று எண்ணிக்கொண்டிருப்பான். இதை வீடியோ எடுக்கச் சொல்லி வந்தால் நான் கமராவைத் தொடமாட்டேன்.

கோணேசர் கோயிலடியில், இராவணன் வெட்டுப் பக்கம் மலை விளிம்பில் நின்று செய்வதெல்லாம் வேண்டாம். கோயிலுக்கு மரியாதை என்பது ஒரு பக்கம், கீழே பாறை என்பது மறுபக்கம்.

நித்திரை கொள்ளாமல் இருப்பது, பட்டினி கிடப்பது, மிருகங்களை வதைத்து வித்தை காட்டுவது. இவற்றை அனுப்பிப் பிரயோசனம் இல்லை. நித்திரையில்லாச் சாதனையை ஆபத்து என்று கின்னஸ்காரர் பல வருடங்களுக்கு முன்னரே நிறுத்திவிட்டார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடமிருந்தும் சில வகைச் சாதனைகளை அவர்கள் ஏற்பதில்லை. பிள்ளையைக் கூட்டிவரும் தாய் தகப்பன் இதை முதலில் பார்க்க வேண்டும்.

தீமிதிப்பும் பறவைக்காவடியும் வேறு கணக்கு. அவை நேர்த்தி. அம்மன் கோயில் தீக்குழியில் இறங்குகிறவர் விரதம் இருந்து இறங்குகிறார். அதை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். ஆனால் டிவியில் காட்டும் வித்தைகளில் பாதிக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆணிப் படுக்கையில் படுப்பவரின் பாரம் நூற்றுக்கணக்கான ஆணிகளுக்குப் பங்கிடப்படுவதால் ஓர் ஆணியின் அமுக்கம் தோலைக் கிழிக்கப் போதாது. ஆணி குறையக் குறையத்தான் ஆபத்து. கானிவெல்லுக்கு வரும் மரணக் கிணற்றில், சுற்றுகிற வேகத்தால் சில்லு சுவரை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு மோட்டார் சைக்கிளைக் கீழே விடாமல் பிடிக்கிறது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ஆள் இறங்கிவிடுவார், தான் நினைத்த இடத்தில் அல்ல. பார்ப்பவருக்குத் துணிச்சல் தெரிகிறது. ஓட்டுகிறவருக்கு அந்த வேகம்தான் தெரியும்.

பயிற்சியும் கொப்பியும்

நம்முடைய சைக்கிள் பெடியனுக்கு வருவோம். அவன் நின்ற முதல் நாள் நேரம் 14 நிமிடம், என் கடை வாசலில். 'அடடா' என்று இருவரும் துள்ளினோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது: வாசலில் சரிவு இருக்கிறது. சரிவு பின்னே இழுக்க, மிதி முன்னே தள்ள, இரண்டும் ஒன்றையொன்று சமப்படுத்தும். சமதரையில் அந்த உதவி இல்லை. கலியாண மண்டபம் ஒன்றின் வழுவழுப்பான தரையில் நிறுத்திப் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் கால் கீழே வந்துவிட்டது.

அவனுக்கு அழுகை வராத குறை. எனக்கோ அன்றுதான் இது உருப்படும் என்று நம்பிக்கை வந்தது. எந்தத் தரை, என்ன சரிவு, என்ன சைக்கிள், பிரேக் பிடிக்கலாமா இல்லையா என்று எழுதினால்தான் அது ஒரு சாதனை. எழுதாவிட்டால் கடை வாசலில் பொழுதுபோக்கு. சமதரையில் முன் சில்லை ஒரு பக்கமாகத் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்து விட்டு, உடம்பைப் பின்னே இழுத்துச் சைக்கிளை ஒரு அங்குலம் பின்னால் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு அங்குலத்தைப் படிக்க இரண்டு மாதம் போனது.

ஒரு கொப்பி போடுங்கள். திகதி, நேரம், இடம், எத்தனை முயற்சி, ஒவ்வொன்றின் அளவு, ஏன் முறிந்தது. 'ஏன் முறிந்தது' என்ற வரிசைதான் பொன். எங்கள் கொப்பியில் அந்த வரிசையில் 'இடது தொடை நடுங்கியது', 'நுளம்பு', 'அம்மா கூப்பிட்டா' என்றெல்லாம் இருக்கும். மூன்று கிழமை பார்த்தபோது பெரும்பாலான முறிவுகள் ஆறாவது நிமிடத்துக்கும் எட்டாவது நிமிடத்துக்கும் இடையில்தான் வந்தன. தொடை களைக்கிற நேரம் அது. பிறகு அவன் சைக்கிளை விட்டுவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பது போல் அந்தரத்தில் இருந்து பழகினான். நிமிடம் ஏறியது.

முதல் கொப்பி எங்களிடம் இல்லை. பிரட்ரிக் கோட்டைக்குள் கோயில் வீதியின் ஏற்றத்தில் பயிற்சி செய்த ஒரு பின்னேரம், மதிலில் வைத்த கொப்பியை மான் தின்றுவிட்டது. மட்டை மட்டும் மிச்சம். திருகோணமலை மான்களுக்குக் கடதாசி என்றால் விருந்து. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிய உடனே போனில் படம் எடுத்து வைக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மான் இல்லாத ஊரிலும்.

நம்பிச் சொல்லக்கூடிய ஒரு எண் வரும்வரை பயிற்சியில் அவசரப்பட வேண்டாம். பத்துத் தரம் செய்தால் எட்டுத் தரம் வருகிற எண் எதுவோ, அதைத்தான் டிவிக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தரம் வந்த பெரிய எண்ணைச் சொன்னால் மேடையில் மானம் போகும்.

இடமும் காலமும்

ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை வாடையும் மழையும். வெளியில் எடுக்கத் திட்டம் போடாதீர்கள். சித்திரை தொடங்கி ஆவணி வரை கடற்கரை நல்லது. ஆனால் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் மணலும் ஏறும், வீடியோவில் பேச்சு ஒன்றும் கேட்காது. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நம்முடையது கிழக்குக் கரை. விடியக் கடலைப் பார்த்துக் கமராவை வைத்தால் ஆள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். கலியாண சோடிக்கு அது அழகு, சாட்சிக்கு உதவாது. கடல் கமராவின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கோணேசர் மலை பின்னால் தெரிய வேண்டும் என்று ஆசையென்றால் டச்சுக்குடாக் கரையில் வடக்கே பார்த்து எடுங்கள். வெயில் பக்கவாட்டில் விழும், முகமும் தெரியும், மலையும் தெரியும்.

அனுமதி விஷயத்தில் நம்மூர் கொஞ்சம் வித்தியாசம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற வழி திறந்திருக்கிறது என்பதற்காக அங்கே முக்காலியை நாட்டிவிட முடியாது, கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். துறைமுகப் பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு, இங்கே அது இன்னும் இறுக்கம். புறாமலைத் தீவு தேசியப் பூங்கா. முருகைக் கல்லின் மேல் நின்று வித்தை காட்டினால் வனஜீவராசிகள் திணைக்களம் வந்து வேறு வித்தை காட்டும். விளையாட்டு மைதானம் என்றால் பொறுப்பாளரிடம் கடிதம் கொடுங்கள். எல்லாவற்றிலும் லேசானது, முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கலியாண மண்டபம். காற்றும் இல்லை, மானும் இல்லை.

பாதுகாப்புக்கு ஒருவர் வேலையே அதுவாக நிற்க வேண்டும். அவர் கைதட்டக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது. முதலுதவி தெரிந்தவராக இருந்தால் நல்லது. 1990 சுவசரிய அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவசரத்தில் 'பெரிய வேப்பமரத்துக்குப் பக்கம்' என்றால் வண்டி வராது.

படம் பிடிப்பது

என் தொழில் இது. ஆனாலும் முதல் தடவை கோட்டைவிட்டது நான்தான். பெடியன் மண்டபத்தில் பதினோரு நிமிடம் நாற்பது செக்கன் நின்றிருந்தான், சமதரையில் அதுவரை வந்ததில் பெரியது. என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கலியாணம் ஒன்றுக்கு விலை கேட்டு. பதிவு நின்றுவிட்டது. அவன் பதினாறு நிமிடம் வரை நின்றான், வீடியோவில் பதினொன்றே முக்காலும் இல்லை. நடுவில் வெட்டிய வீடியோவுக்கு மதிப்பு சைபர். ஒட்டித் தைத்தாலும் அதே சைபர். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகவே, போனில் எடுத்தால் முதலில் ஃபிளைட் மோட். போனைப் படுக்கையாக வையுங்கள், நிமிர்த்தி வேண்டாம். கையில் பிடிக்க வேண்டாம். முக்காலி இல்லையென்றால் கதிரையில் இரண்டு செங்கல் போதும். இரண்டு கமரா வேண்டும்: ஒன்று முழு ஆளையும் தரையையும் காட்ட, மற்றது எது முக்கியமோ அதைக் கிட்டத்தில் காட்ட. எங்களுக்கு அது சைக்கிளின் சில்லும் அவன் பாதமும். பெரிய இலக்கங்களோடு ஓடுகிற கடிகாரம் ஒன்று இரண்டு கமராவிலும் தெரிந்தால் பிறகு தலையிடி இல்லை.

தொடங்குவதற்கு முன் கமரா ஓடிக்கொண்டிருக்க, ஆள் தன் பெயர், திகதி, இடம், என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லட்டும். சைக்கிளைத் தூக்கித் திருப்பிக் காட்டட்டும், ஒளித்து வைத்த தாங்கி ஒன்றும் இல்லை என்று தெரிய. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று சத்தமாக எண்ணித் தொடங்குங்கள். முடிந்த பின்னும் ஒரு நிமிடம் ஓடட்டும். பின்னணிப் பாட்டு போடாதீர்கள். தமிழ்ப் படப் பாட்டைப் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, மின்னல் வெட்டி அனுப்புகிற வீடியோக்களை எத்தனை பார்த்துவிட்டேன். தெரிவு செய்கிறவருக்கு அந்த மின்னலைப் பார்த்ததும் சந்தேகம்தான் வரும்.

தெளிவான வீடியோ ஒரு நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 100 எம்பி தின்னும் என்று கணக்கு வைத்து, போனில் இடம் ஒதுக்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கி மங்கலாக்கிவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

சாட்சிகள்

சொந்தக்காரர் வேண்டாம். மாமா சொன்னால் உண்மைதான், ஆனால் செல்லாது. உங்களோடு சம்பந்தமில்லாத இரண்டு பேர், ஊரில் மதிப்புள்ளவர்கள். உடற்கல்வி ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், சமாதான நீதவான், ஓய்வுபெற்ற அதிபர். நேரம் அளக்க வேறு இரண்டு பேர், ஆளுக்கொரு ஸ்டொப் வொட்ச். விளையாட்டுப் போட்டியில் நேரம் எடுத்துப் பழகிய வாத்தியார் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று அன்றே, அங்கேயே, சொந்தச் சொல்லில் எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். நாளைக்கு என்றால் எண் மாறிவிடும்.

அனுப்புவதும் அழைப்பதும்

கின்னஸ் என்றால் அவர்களுடைய இணையத்தளத்தில் கணக்குத் திறந்து, முதலில் விண்ணப்பம். செய்துவிட்டு அனுப்புவதல்ல, அனுமதி கேட்டு அவர்கள் விதிகளை அனுப்பிய பிறகு செய்வதுதான் முறை. சாதாரண வழியில் போனால் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். விரைவுச் சேவைக்குப் பெரிய காசு. சாதனை படைத்தால் அவர்கள் பணம் தருவதில்லை என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். காசு கட்டினால் சான்றிதழும் பதக்கமும் அனுப்புகிற 'சாதனைப் புத்தகங்கள்' இப்போது தெருவுக்கு ஒன்று. விதி எழுதாமல், சாட்சி கேட்காமல், கட்டணம் மட்டும் கேட்டால் அது கடை. வாங்க ஆசையென்றால் வாங்குங்கள், ஆனால் டிவிக்காரரிடம் அதைக் காட்டாதீர்கள்.

டிவிக்கு அனுப்பும்போது கடிதம் அரைப் பக்கம் போதும். முதல் வரியில் எண். 'நான் சிறு வயது முதலே' என்று தொடங்கினால் யாரும் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார்கள். 'சமதரையில், கால் ஊன்றாமல், சாதாரணச் சைக்கிளில் 21 நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்பேன்' என்று தொடங்கினால் போவார்கள். அதற்குக் கீழே ஒரு நிமிட வீடியோ, முழு வீடியோவின் இணைப்பு, வயது, ஊர், தொலைபேசி இலக்கம்.

அழைப்பு வந்தால் கொழும்புக்கு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறேழு மணித்தியாலப் பஸ். இரவுப் பயணம் செய்து விடியக் காலையில் மேடை ஏறாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய், நித்திரை கொண்டு எழும்பி, அந்தத் தரையில் ஒரு தரம் செய்து பாருங்கள். மேடைத் தரை எப்போதும் நீங்கள் நினைத்ததைவிட வழுக்கும்.

கையொப்பம் வைக்கச் சொல்லி ஒரு படிவம் தருவார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். காயம்பட்டால் யார் பொறுப்பு, வீடியோ யாருக்குச் சொந்தம், ஒளிபரப்பாவிட்டாலும் வேறு சானலுக்குப் போகக்கூடாதா என்ற மூன்றையும் வாசித்து விளக்க ஆளில்லாமல் கையொப்பம் வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குத் தாய் தகப்பன் கையொப்பம். நிகழ்ச்சிக்காரர் 'இன்னும் கொஞ்சம் திறில்லாக, சுற்றிவர நெருப்பு வைப்போமா' என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் "பழகவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள், விளக்குகளுக்கு முன்னால் அது லேசில் வாயில் வராது.

பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தரம் ஞாபகப்படுத்துங்கள். கிழமைக்கொரு தரம் எடுத்தால் இலக்கத்தைத் தடை செய்துவிடுவார்கள். எங்கள் பெடியன் அனுப்பி ஐந்து கிழமை ஆகிறது. நேற்றும் கடை வாசலுக்கு வந்தான், இறங்கவில்லை. சரிவுப் பக்கம் அல்ல, தெருவின் மட்டமான பக்கத்தில் நின்றுகொண்டு, இனி அனுப்பினால் முதல் வரியில் 21 என்றிருப்பதை 24 என்று மாற்றச் சொன்னான். கொப்பியைக் காட்டு என்றேன்.